வரப்பில் விழுந்தவன்

குமரகுரு வயலில் விழுந்து பத்து மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. விழுந்தான் என்றுதான் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இருந்தது. வரப்பு வழுக்கிவிட்டது, வலது கை பைக் சைலன்சரில் பட்டு வெந்துவிட்டது என்று அப்பா தாணு சொன்னதை நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

தங்கச்சி வித்யாலட்சுமி பக்கத்தில் பேசாமல் நின்றாள். அது யாருக்கும் புதிதில்லை. பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த மூன்று வருஷமும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நடந்தது வேறு. பழைய குற்றாலம் பக்கம் அவர்கள் வயலில் காட்டுப்பன்றி இறங்கி மரவள்ளியைக் கிளறிப்போட்டது. தாணு மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து, வயலைச் சுற்றிக் கட்டின கம்பியில் கரண்ட் விட்டார். சட்டப்படி தப்பு என்று தெரிந்தேதான். பொழுது சாய்ந்ததும் போடுவார், விடிந்ததும் அணைப்பார். இன்றைக்குக் காலை ஐந்தரைக்கு, அணைத்தாயிற்று என்று அவர் சொன்ன நம்பிக்கையில் குமரகுரு வெறுங்காலோடு, சாரலில் நனைந்த வரப்பில் நின்று கம்பியைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை. தாணு மோட்டார் ரூமுக்கு ஓடி மெயினை இறக்குகிறவரை அவன் கத்தக்கூட இல்லை.

கம்பி கட்டின அன்றைக்கு அவர் மகளிடம் கேட்டிருந்தார்.

"ஏட்டி, பன்னிக்குச் சுருக்குன்னு அடிக்கும். மனுசனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

பதிலையும் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. நெஞ்சு வழியாக முப்பது மில்லியாம்பியர் போனாலே ஆளைக் கொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பே தசை இறுகிவிடும், விட நினைத்தாலும் கை கேட்காது என்பதும் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

தென்காசிக்கு வருகிற வழியில் ஆட்டோவிலேயே தாணு இரண்டு பேருக்கும் சொல்லிவைத்தார். கரண்ட் என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குப் போன் போய்விடும். போன வருஷம் இப்படி வேலி போட்டு ஒரு ஆள் செத்துப்போக, போட்டவர் இன்னும் ஜெயிலில் இருக்கிறார். குமரகுரு தலையாட்டினான்.

"பன்னிக்கு வச்ச விருந்த நான்லா தின்னுட்டேன்," என்றான். அப்பாகூடச் சிரித்தார்.

மத்தியானம்வரை நன்றாகத்தான் இருந்தான். இட்லி தின்றான், செல்போன் பார்த்தான். மூன்று மணிக்குமேல் பேச்சு குறைந்தது. தொடையும் தோளும் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது, நெஞ்சு ஒரு தரம் துள்ளி ஒரு தரம் நிற்கிறது என்றான். அவன் காலைத் துடைத்துவிடும்போது வித்யாலட்சுமி அவனுடைய இடது குதிகாலில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குழியைப் பார்த்தாள். கரண்ட் வெளியே போன இடம். அவன் ஒன்றுக்கிருந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடுங்காப்பி நிறம்.

வெளியே தெரிந்தது கையில் வெந்த ஒரு கோடுதான். கையிலிருந்து கால்வரை உள்ளே தசை வெந்திருந்தது. அது கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. விழுந்தவனுக்கு ஏற்றுகிற ஒரு பாட்டில் சலைன் இவனுக்குக் காணாது. ஈசிஜியும் எடுக்கவில்லை, வரப்பில் விழுந்தவனுக்கு எதற்கு?

அவள் அப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு பாட்டிலைக் காட்டினாள். இப்படியே விட்டால் ராத்திரி தாண்டமாட்டான் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். சூடு பிடித்திருக்கும், இளநீர் வாங்கிவருகிறேன் என்றார் அவர். சட்டைப்பையில் கைவிட்டு எதையோ தேடினார்.

"நான் உள்ள போயிட்டா, ஒங்க அம்மைக்கு யாருட்டி இருக்கா?"

அப்போது டாக்டர் சஃப்ரின் வார்டுக்குள் வந்தார். சின்ன வயது, அவசர நடை. இருவரும் பின்னாலேயே போனார்கள். டாக்டர் நாடியைப் பிடித்து, சீட்டைப் பார்த்து, முகம் சுருக்கி, மறுபடி நாடியைப் பிடித்தார். விழுந்தபோது கல்லில் ஏதும் அடிபட்டதா என்று கேட்டார். தாணு வரப்பைப் பற்றி ஆரம்பித்தார். எப்படி வழுக்கியது, பைக் எங்கே நின்றது எல்லாம் வரிசையாக வந்தது. குமரகுரு கண்ணை மூடிக்கொண்டான்.

"டாக்டர்."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். டாக்டர் திரும்பினார். அப்பாவும் திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல், கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணன் விழல டாக்டர். கரண்ட் அடிச்சது. பன்னிக்கு அப்பா போட்ட வேலி. ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சிருந்தது."