பின்பலகையில் ஒரு குடித்தனம்

உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஓர் உயிர், என் தாய்மாமாவின் லோடு வண்டிப் பின்பலகையில் வசித்து வந்தது. லைக்கன் வகை. அதாவது, பாசியும் பூஞ்சையும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும் ஏற்பாடு. பார்த்தால் காய்ந்துபோன மஞ்சள் கறை, உள்ளங்கை அகலம். வேறெங்கும் தேடியும் கிடைக்கவில்லை.

நான் தாவரவியல் ஆராய்ச்சி மாணவன். ஒரு துணுக்கைச் சுரண்டி, ஆய்வகத்தில் ராஜமரியாதையோடு வைத்தேன். மூன்றே வாரத்தில் கருகியது. அதற்குக் காற்றும் வெயிலும் தெருப்புழுதியும் வேண்டும். ஓரிடத்தில் உட்காரவைத்தால் உயிரை விட்டுவிடும். "உங்க மாமாவும் அப்படித்தான்" என்றார் அத்தை.

பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்க ஒரு படிவம் உண்டு. 'வாழிடம்' என்ற கட்டத்தில் மாமாவின் கைபேசி எண்ணை எழுதினேன். 'இனம் ஓரிடத்தில் நிலையாக இருத்தல் வேண்டும்' என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் வண்டிக்குத் தகுதிச் சோதனை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. பெயின்ட் அடித்தால்தான் வண்டி தேறும். அடித்தால் லைக்கன் காலி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை மாமாவுக்கு ஃபோன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"உங்க அத்தைகூட என்னை இப்படிக் கேட்டதில்லடா. பாலத்துக்கிட்ட. பீரோ ஏத்தியிருக்கேன். உன் ஆள் மேல உரசாம நடுவுல போர்வை வெச்சிருக்கேன், போதுமா?"

"போர்வையா? மூச்சு முட்டுமே!"

"அப்ப பீரோவ நீ தூக்கிட்டு நடந்து வா."

வெள்ளிக்கிழமை காலை பிரஷைப் பிடுங்கி நானே அடித்தேன். அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் விட்டேன்.

"வண்டி ஃபெயிலாச்சுன்னா, உன்னைத்தான் வாடகைக்கு விடுவேன்" என்றார் மாமா.

சோதனைத் திடலில் அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து, சரியாக அங்கேயே நின்றார்.

"இங்க மட்டும் ஏன் அடிக்கல?"

"அது உயிர் சார்" என்றேன்.

"பெயின்ட் தீந்துபோச்சு சார்" என்றார் மாமா.

அதிகாரி மாமாவை நம்பினார். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் பார்த்து "பாஸ்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தகுதி ஸ்டிக்கரைப் பின்பலகையில்தான் ஒட்டவேண்டுமாம். அதிகாரி பலகையைத் தொட்டார், விரல் நீலமானது. முழுக்க ஈரம். காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஒட்டி, நன்றாக அழுத்தித் தேய்த்தும்விட்டார்.

'இதை அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம்' என்று அதில் அச்சடித்திருந்தது. நான் நான்கு மாதமாக எழுதி எழுதிக் கேட்ட அதே வாசகம்.

குனிந்து பார்த்தேன். ஸ்டிக்கரின் கீழ் விளிம்பில், ஓர் அரிசி அகலத்துக்கு மஞ்சள் எட்டிப்பார்த்தது.

மாமாவும் குனிந்தார். "அவ்ளோ போதுமாடா அதுக்கு?"

"தெரியல மாமா."

"சரி, ஓட்டிப் பாப்போம்" என்று கிளம்பினார். வண்டி இன்னும் திடலின் வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஃபோனை எடுத்தேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"உன் கண்ணு முன்னாடிதான்டா!"