ரசலையன் கும்பிட்ட கும்பிடு

ஜெயசிங் வாத்தியாருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் பிடிக்காது. அந்த ஆளுக்குத்தான் அவருடைய தங்கை ராஜபாயைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள்.

ஆள் பெயர் ரசலையன். மார்த்தாண்டம் பக்கம்தான் ஊர். நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனவன், பேசும்படம் வந்ததும் சென்னைப் பட்டணத்தில் துணை நடிகன் ஆகிவிட்டான். ராஜாவுக்குப் பின்னால் நிற்பான். ராணிக்குச் சேதி கொண்டுவருவான். யாராவது கத்தியை உருவினால் முதலில் சாவான். உள்ளூர் முகம் திரையில் தெரிந்தால் கூட்டம் நிறைகிறது என்று கண்டுகொண்ட மார்த்தாண்டம் கொட்டகைக்காரர், தேடித்தேடி ரசலையன் இருக்கிற படங்களாகவே எடுத்துவந்தார். பாவம் ஜெயசிங்குக்கு அவனிடமிருந்து தப்ப வழியே இல்லை.

ஏனென்றால், 'தென்முனை' வாரப் பத்திரிகையில் 'பெஞ்சுக்காரன்' என்ற பெயரில் நாலு வரியில் படங்களைப் பற்றி அபிப்பிராயம் எழுதுகிறவர் அவர்தான். சொந்தப் பெயரில் எழுத முடியாது. வேலை மிஷன் பள்ளிக்கூடத்தில். சினிமாக் கொட்டகைக்குள் கால்வைத்தவனுக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து கிடையாது என்பது சபையின் சட்டம். நடிக்கிறவனைப் பற்றிச் சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். இந்த ரகசியம் ராஜபாய்க்கு மட்டும் தெரியும்; அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"சிரிக்கும்போது நல்லாத்தான் இருக்காரு" என்று மாப்பிள்ளையைப் பார்த்தபின் அவள் சொன்னாள்.

"அதனாலதான் படத்துல ஒருத்தனும் அவனைச் சிரிக்க விடல்ல போல" என்றார் ஜெயசிங். அதற்குமேல் அவர் பேச்சு எடுபடவில்லை.

இரண்டு ஞாயிறு சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு, போதகர் ஓலையைக் கையில் எடுத்து, "இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கத்துக்கு விரோதமாக ஒருவர் எழுந்தார். டீக்கன் ஜான்ரோஸ். அவர் கையில் 'தென்முனை' இதழ்கள் ஒரு கட்டு இருந்தன.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய அறையில் விசாரணை கூடியது. போதகர், டீக்கன்மார், இரண்டு வீட்டார். கோட்டுப் போட்ட ரசலையன் நடுவில் நின்றான். தடை நிலைத்தால் அவன் பெயர் சபையிலிருந்து நீக்கப்படும். இந்தக் கோயிலில் கல்யாணம் நடக்காது. வாசலை ஒட்டி ஜெயசிங் உட்கார்ந்திருந்தார்; அவர் பக்கத்தில் ராஜபாய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜான்ரோஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டி, வேதம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"'வீர வசந்தன்'. இதில் பதினெட்டுப் பாட்டு. வசந்தன் பாடி முடிப்பதற்குள் எதிரிப்படை கிழவர்களாகிவிட்டது. மந்திரியாக ரசலையன். ராஜ்யம் பறிபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்."

பின்னால் யாரோ இருமினார்கள். ஜான்ரோஸ் அடுத்த இதழைப் பிரித்தார்.

"'கானகச் செல்வி'. கதாநாயகி காட்டில் பன்னிரண்டு வருஷம் அலைகிறாள். நாமும் கூடவே அலைகிறோம். புலி வந்து ரசலையனைத் தின்கிறது. படத்தில் கைதட்டல் வாங்கிய ஒரே நடிகர் அந்தப் புலி."

இந்த முறை இருமல் கூடியது. ரசலையனின் காது சிவந்தது.

"இதெல்லாம் போவட்டு. இனித்தான் காரியம். 'பக்த சிவநேயன்'. சிவநேயனின் சீடனாக ரசலையன். கோயிலில் விழுந்து கும்பிடுகிறார். பக்தி முற்றிய அந்த முகத்தைப் பார்த்துப் பெஞ்சிலிருந்தவர்கள் ஓமவாட்டர் தேடினார்கள்." ஜான்ரோஸ் தலை நிமிர்ந்தார். "விழுந்து கும்பிடுகிறார். அச்சுல இருக்கு. வேத வசனம் படிச்ச பயல், சிலைக்கு முன்ன விழுந்து கும்பிடலாமாவே?"

"அது வேஷமாக்கும், டீக்கனாரே" என்றான் ரசலையன்.

"வேஷத்துல விழுந்தா முட்டு தரையில படாதோ?"

போதகர் தாடையைத் தடவினார். "வெறும் வேஷந்தான்னு நேர்ல பாத்த யாராவது சொல்லுவேளா?"

அறையில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னையைக் கவனமாகப் பார்த்தார்கள்.

ராஜபாய் அண்ணனின் முழங்கையைக் கிள்ளினாள். "எண்ணே, எந்திச்சுச் சொல்லு."

"சொன்னா எனக்க திருவிருந்து போவும், ஏட்டி."

"சொல்லல்லேன்னா எனக்க கல்யாணம் போவும்."

ஜெயசிங் எழுந்தார். "நான் பாத்தேன். மூணு படத்தையும். எழுதினவனும் நான்தான்."

ஜான்ரோஸ் வாய் பிளந்தார். அவரை முந்திக்கொண்டு ரசலையன் பாய்ந்தான். "நீராக்கும் அந்தப் பெஞ்சுக்காரன்? எத்தனை நாளா உம்மைத் தேடுதேன் ஓய்!"

"பெறவு தேடு. இப்போ உன்னைக் காப்பாத்தத்தான் நிக்கேன்." ஜெயசிங் போதகர் பக்கம் திரும்பினார். "ஐயா, இவன் கும்பிட்டது கும்பிடே இல்ல. கொட்டகையில ஒரு குஞ்சும் நம்பல்ல. இவனுக்குப் பக்தி வராது, கோபம் வராது, ஒழுங்காச் சாகக்கூட வராது. இவன் கும்பிட்டான்னு சொல்லுது, கும்பிடுதவங்களுக்கே அவமானம்."

போதகரின் முகம் தெளிந்தது. தடையைத் தள்ளுகிறேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

"பொய்!" என்று கத்தினான் ரசலையன். "நான் உள்ளம் உருகித்தான் கும்பிட்டேன்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்தது! டைரக்டரே அழுதாரு!"

"கேட்டீங்களா?" என்று ஜான்ரோஸ் துள்ளினார். "அவனுக்க வாயாலேயே வந்தாச்சு!"

ஜெயசிங் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த மடையன் ஊமைப்படத்தில் மட்டும் நடித்திருந்தால் என்ன? தன் திருவிருந்தும் போயிற்று, தங்கையின் கல்யாணமும் போயிற்று.

அப்போது ராஜபாய் வாசலிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள். "போதகர் ஐயா, அவரு அன்னைக்குக் கும்பிட்டதை இங்க ஒருதரம் செய்து காட்டட்டு. பாத்துட்டு நீங்களே தீர்மானியுங்க."

"ஏட்டி, உனக்குப் பைத்தியமா?" என்று ஜெயசிங் கிசுகிசுத்தார்.

"எண்ணே, நீ பத்திரிகையில எழுதினது நெசந்தானே?"

"நெசம்."

"அப்ப எனக்குப் பயமில்ல."

ஜெயசிங்குக்குத்தான் பயம். படம்படமாகச் சொதப்பியவன், பாவி, இன்றைக்குப் பார்த்து நன்றாக நடித்துத் தொலைத்தால்?

ரசலையன் கோட்டைக் கழற்றினான். அங்கே சிலை ஏது? மூலையில் நின்ற அலமாரியைப் பார்த்துக் கைகளை உயர்த்தினான். அவனுடைய இடது கன்னம் மெல்ல மேலே ஏறியது. ஒரு கண் மூடியது, மற்றது பிதுங்கியது. பல்லைக் கடித்து, 'ங்' என்று ஒரு சத்தம் எழுப்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான்.

ஜான்ரோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடி அவன் தலையைத் தாங்கிப் பிடித்தார். "எவண்டே அங்க! ஓமவாட்டர் கொண்டாங்கடே! பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு!"

அறை அதிர்ந்தது. போதகர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் குலுங்கினார். பெண்டுகள் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். ஜான்ரோஸ் மட்டும் கையில் ரசலையனின் தலையோடு விழித்துக்கொண்டிருந்தார். தடை தள்ளப்பட்டது. அங்கேயே, அப்போதே, மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது.

அடுத்த தீர்மானம் ஜெயசிங்கைப் பற்றியது. அதில் யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதம் திருவிருந்து இல்லை. கோயிலில் கடைசிப் பெஞ்சு. இனி எந்தக் கொட்டகைக்கும் போகமாட்டேன் என்று எல்லார் முன்பும் அவரைச் சொல்ல வைத்தார்கள். தென்னையைப் பார்த்தவர்கள்தான் அதற்குச் சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. பந்தியில் ரசலையன் மெல்ல ஜெயசிங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் பதற்றம். கொட்டகையில பாத்தப்போ நெசமாவே ஒண்ணுகூட நல்லா இல்லியா?"

எதிரே ராஜபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசிங் பப்படத்தை நொறுக்கியபடி யோசித்தார். நடித்த அத்தனையிலும் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"புலி தின்னும்போது பரவாயில்ல. அந்தக் கடைசி உதறல் நல்லா வந்திருந்தது."

ரசலையனின் முகம் விழுந்தது. "அது நான் இல்ல மச்சான். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். வேற ஆளைப் போட்டு எடுத்தாவ."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தம்பட்டம் கேட்டது. கொட்டகைக்காரரின் வண்டி. புதுப்படம். ஜெயசிங் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போய், வண்டியில் ஒட்டியிருந்த நோட்டீசில் நடிகர் பெயர்களைப் படித்தார். ரசலையன் இல்லை. கீழிருந்து மேலாக மறுபடியும் படித்தார். மந்திரி யாரோ, தளபதி யாரோ, சேவகன் யாரோ. ரசலையன் இல்லவே இல்லை.

வண்டி சந்தைப் பக்கம் திரும்பி மறைகிறவரை அவர் அங்கேயே நின்றார்.

"எண்ணே, உள்ள வா!" என்று ராஜபாய் கூப்பிட்டாள். "இவரு அடுத்த படத்துக்க வேஷத்தை முழுசும் செய்து காட்டப் போறாராம். உனக்காக மட்டுந்தான்!"