புல் முளைத்த வழி

மயிலத்தைத் தாண்டி கோதண்டபாணிக்கு ஒரு துண்டு நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். அங்கே போவதற்கு, முன்னாலிருக்கும் தரிசில் ஓர் ஒற்றையடிப் பாதை. அதற்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. நடந்து நடந்து உண்டான வழி. அந்தத் தரிசைச் சென்னைக்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, இயற்கையோடு ஒட்டிய ஊர் ஒன்று கட்டப்போவதாகச் சொன்னார்கள். வழியை அடைத்துவிட்டால் மூட்டையை ஆகாயத்திலா கொண்டுபோவது? அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

ஊருக்குத் திட்டம் போட வந்தவள் இசைவாணி. திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கல் நடவில்லை, கயிறு பிடிக்கவில்லை. சும்மா நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா புடிக்கிற?"

"நீங்க நடக்கற வழியத்தாங்க ஐயா. தண்ணி எங்க ஓடுது, ஜனங்க எங்க நடக்கறாங்கன்னு பாத்துட்டுதான் வீடு எங்கன்னே முடிவு பண்ணுவோம்."

யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறாள் என்று கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரிக்கரையில் அவர் போட்டிருந்த மாட்டுக் கொட்டகையையும் ஒருமுறை இப்படித்தான் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அந்தப் படத்தையே காட்டி, ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செண்பகத்தைக் கூப்பிட்டார். "இனிமே அந்தப் பக்கம் காலே வெக்காத. அத்துமீறி நடக்கறோம்னு கேஸ் போடத்தான் போட்டோ புடிச்சிக்கினு கீறா."

"அப்ப எப்பிடிய்யா நெலத்துக்குப் போறது?"

"ஏரிக்கரைய சுத்திக்கினு போ."

பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் இதையே ஓதினார். முட்டிவலியோடு சுற்றிப்போகும்போதெல்லாம் செண்பகம் இசைவாணியைத் திட்டித் தீர்த்தாள். கோதண்டபாணிக்கோ சென்னைக்காரர்களுக்கே தண்ணி காட்டிவிட்ட மிதப்பு. மழை பெய்தது. பாதையில் புல் மண்டியது.

மல்லாட்டை பிடுங்கி முதல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் வந்தவர், தரிசில் ஜேசிபி நிற்பதைப் பார்த்தார். சுண்ணாம்புத் தூளில் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள், சரியாக அவருடைய பாதைமேல். கரையை விட்டு இறங்கி, வட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற இசைவாணியிடம் ஓடினார்.

"இது இன்னாம்மா?"

"குளம்ங்க ஐயா. மேட்டுத் தண்ணியெல்லாம் இந்தப் பக்கந்தான் எறங்குது. மொதல்ல இது நீங்க நடக்கற வழின்னு விட்டு வெச்சிருந்தேன். அப்புறம் பாத்தா ஒருத்தரும் வரல, புல்லு மொளச்சிடுச்சு. சரி, வேணாம்னு விட்ட வழி போலன்னு பிளான்லேர்ந்து எடுத்துட்டேன். எல்லாரும் ஏரிக்கரையிலதான போறீங்க? அங்க உங்களுக்கு நல்ல ரோடே போடறோம்."

கோதண்டபாணி கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத் தன் வழியைத் தானே அழித்திருக்கிறார். யாரைப் போய்க் குறை சொல்வது?

மூட்டையை இறக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, புல்லை மிதித்து நிலம் வரைக்கும் நடந்தார். திரும்பி நடந்தார். மறுபடியும் நடந்தார். ஜேசிபிக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"நடக்கறேம்மா." அவருக்கு மூச்சு வாங்கியது. "புடி. போட்டோ புடிம்மா, ஜல்தி."