வேலியருகே ஒரு கூவல்

2023 ஆகஸ்ட் 9, அர்ஜென்டினாவின் கொரியெந்தெஸ் மாகாணம், இபெரா சதுப்பு நிலம்: வேலிக்குள் பிறந்து வளர்ந்த பெண் ஜாகுவார் ஒன்று மனிதக் குரல் கேட்டு வேலியருகே வந்து நின்றது.

குரல் படகோட்டி செஃபெரினோவுடையது. கால்வாயில் படகில் போன யாரோ ஒருவன் உற்சாகத்தில் நீளமாக, அந்த ஊர் வழக்கப்படி, ஒரு சபுகாய்க் கூவல் கூவியிருக்கிறான். கொரியெந்தெஸில் சபுகாய் காதில் விழுந்தும் பதில் கூவாமல் இருப்பது, நீட்டிய கையைத் தட்டிவிடுவதற்குச் சமம். தோளில் மூட்டையோடு நின்ற செஃபெரினோ பதில் கூவிவிட்டார். கூவி முடித்த பிறகுதான் தாம் நிற்கும் இடம் அவருக்கு உறைத்தது. வேலி இருந்த அந்தத் தீவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அராசா என்ற அந்த ஜாகுவாருக்கு மனிதர்கள் பழகிவிடக் கூடாது என்றுதான், இரையைக்கூட உயிரோடு, மரத்தடுப்புக்குப் பின்னால் மறைந்து நின்று உள்ளே விட்டார்கள்.

கதவைத் திறந்து அதைக் காட்டுக்குள் விடும் நாள் மறுநாள். அன்று காலை அதைப் பார்க்க வந்த மாகாண அதிகாரி பெர்துஸ்ஸி, வேலியோரக் கேமராவில் பதிவானதை அக்கரை முகாமில் போட்டுப் பார்த்தார். கூண்டில் பிறந்த பூனை நம் முற்றத்துக்குத்தான் வரும் என்று பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே அவர் காதில் ஓதியிருந்தார்கள். திறக்க வேண்டாம், குழு கூடி முடிவெடுக்கும்வரை நகரத்து உயிர்க்காட்சிச்சாலையில் இருக்கட்டும் என்றார்.

பொறுப்பிலிருந்த கால்நடை மருத்துவர் நேலிதா சொத்தேலோவுக்கு அதன் பொருள் தெரியும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவே சில மாதம் இருந்த மிருகத்தை எந்தக் குழுவும் காட்டுக்குள் விடாது. அராசா கம்பிக்குப் பின்னாலேயே கிழடாகிச் சாகும்.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள், அதைக் காட்டுக்குள் விட்டுவிடுங்கள் என்று செஃபெரினோ கெஞ்சினார்.

"நீ சும்மா இரு, செஃபெரினோ. பதில் கூவலைன்னாத்தான் உன்னை அனுப்பியிருப்பேன், நீ நம்மூர்க்காரனே இல்லைன்னு." நேலிதா படத்தை மறுபடி ஓடவிட்டாள். "காதைப் பாருங்க, பெர்துஸ்ஸி. எப்படி மடங்கியிருக்கு?"

"வந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"வந்தா. அப்பதான் அடிச்ச கார்பிஞ்சோவை அப்படியே போட்டுட்டு வந்தா. சோத்துக்கு வர்ற பூனை சோத்தை விட்டுட்டு வருமா? எவன்டா என் இடத்துலன்னு கேக்க வந்திருக்கா."

அது உங்கள் கற்பனை என்றார் பெர்துஸ்ஸி. நேலிதா படத்தை நிறுத்தவில்லை. வேலியோரம் நின்ற அராசா பின்னங்காலால் மண்ணைப் பிராண்டி, அந்த இடத்தில் சிறுநீர் பீய்ச்சி, திரும்பி நடந்து போய், பன்றியளவு இருந்த கார்பிஞ்சோ என்ற அந்தக் கொறிவிலங்கின் கழுத்தைக் கவ்விப் புதருக்குள் இழுத்துக்கொண்டு போனது.

"உங்க முற்றத்துப் பூனை இப்படித்தான் பண்ணுமா?"

"நான் சொன்னா சொன்னதுதான், டாக்டர். திறக்கக் கூடாது."

"திறக்கலாம்னு நீங்க போட்ட கையெழுத்து என்கிட்ட இருக்கு. கூடாதுன்னா அதையும் எழுத்துல குடுங்க. கொண்டு வாங்க, படிச்சுப் பாக்கறேன்."

கையெழுத்தும் முத்திரையும் அலுவலகத்தில்தான் ஆகும். போய் வர ஒரு நாள் பிடிக்கும். அது இருவருக்கும் தெரியும். நேலிதா துறைக்கு நடந்தாள். செஃபெரினோ துடுப்பை எடுத்தார். பெர்துஸ்ஸி பின்னாலேயே வந்து, வேலை போய்விடும், வழக்கும் வரும் என்று குரலை உயர்த்தினார்.

"கத்தாதீங்க," என்றாள் நேலிதா, படகில் ஏறியபடி. "பழக்கம் ஆயிடப் போறா."

தீவில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறைவிடத்திலிருந்து நேலிதா கயிற்றை இழுத்தாள். கதவு மேலேறியது. கயிற்றைக் கட்டையில் முடிச்சிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று மாலை அராசா வெளியேறியது. நேலிதா அந்த மாத இறுதியில் வேலைநீக்கம் செய்யப்பட்டாள். அக்டோபரில் அராசா ஒரு பண்ணையில் கன்று ஒன்றைக் கொன்றது. அதன் பிறகு கால்நடை இருக்கும் பக்கம் அது வந்ததாகத் தகவல் இல்லை. அடுத்த ஆண்டு வடக்குக் கால்வாயோரம் இருந்த கேமராவில் இரண்டு குட்டிகளோடு பதிவானது.