மருந்தடிக்கிறவர்களின் மூளை

புள்ளிவிபரம் படித்த தயானி வாரக்கணக்கில் மல்லுக்கட்டியும் அந்த ஆய்வு மசியவில்லை. அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற ஆண்கள் ஒரு குழு, அடிக்காதவர்கள் ஒரு குழு. எல்லாரையும் ஸ்கேன் எடுத்து, மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த மருந்தை நிறுத்தச் சொல்லலாம். அவளுடைய அப்பா முருகையா மருந்தடிக்கிறவர்தான். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும், அப்படி நடுங்கும் கை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆய்வுக்கு வேண்டுமாம்.

தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று அறிய ஒரு வழி உண்டு. யார் எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துக் கலைத்துப் போடும். கலைத்த பிறகும் அடிக்கடி அதே அளவு வித்தியாசம் வந்தால், முதலில் கண்டதை நம்ப முடியாது. அதுதான் வந்து தொலைத்தது. வித்தியாசம் காணப்படவில்லை என்ற அறிக்கை தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அழாக்குறையாகச் சொன்னாள்.

"அந்த மெசினுக்குள்ள படுத்தீங்களே, ஒங்க மூளையிலகூட ஒன்னும் தெரியலப்பா."

"நான் எங்க படுத்தேன்? அழகரத்தான அனுப்பினேன்."

அழகர் அவளுடைய சித்தப்பா. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மருந்துக்குப் பயந்து அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்.

"ஏன்ப்பா அப்படிச் செஞ்சீங்க?"

"கை நடுங்குறது தொரைக்குத் தெரிஞ்சா வேலையில வைப்பாரா? நான் மட்டுமா, மருந்தடிக்கிறவங்க முக்காவாசிப் பேரு ஆள் மாத்தித்தான் அனுப்பினோம். நமக்கு முடியலன்னா காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்குத் தம்பி போய் நிக்கிறதில்லையா? ஒரே ரத்தம்தான, மூளை மட்டும் வேறயாவா இருக்கும்?"

பாவி மனுசா! கம்ப்யூட்டர் கலைப்பதற்கு முன்பே இவர்கள் கலைத்துவிட்டிருந்தார்கள். வெளியே சொன்னால் ஆள் மாற்றியவர்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும், முதல் ஆளாக அப்பாவுக்கு. சொல்லாவிட்டால் அறிக்கை அப்படியே நிற்கும்.

"அத விடு புள்ள," என்றார் முருகையா, சிந்திய சோற்றைக் கூட்டி எடுத்தபடி. "நல்லதும் நடந்திருக்கு. மருந்தால ஒன்னும் ஆகாதுன்னு ஒன் ரிப்போட்டே சொல்லிருச்சுன்னு தொரை பெரட்டுல வாசிச்சுக் காட்டினாரு. இத்தன நாளாப் பயந்துகிட்டு இருந்தான்ல, நாளையிலேருந்து அழகரும் மருந்தடிக்க வாறான்."