அண்ணையின் பெயரில் ஓர் ஊசி

...எட்டாவது கட்டளையில்தான் வரும் என்று நினைக்கிறேன், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவதுதானே, ஆனால் அது பிறருக்கு எதிராகச் சொல்வதைப் பற்றியது, நான் சொல்லப்போவது பிறருக்காக, குணரத்தினம் அண்ணைக்காக, அதற்கென்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறதா இல்லையா... ஞானோபதேச வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொண்டதன் பலனை நாற்பத்தொன்பது வயதில் இந்த ரயிலில் அனுபவிக்கிறேன். பொண்டியில் ஏறியதிலிருந்து கை சட்டைப்பையையே தடவிக்கொண்டிருக்கிறது. உள்ளே அண்ணையின் மருத்துவ அட்டை, பச்சை நிறம், மிகப் பழையது, படம் இல்லாதது. புதிய அட்டைகளில் முகம் இருக்கும், அண்ணை இருபது வருடமாக மாற்றாமல் வைத்திருக்கிறார், சோம்பல் இப்படியும் ஒருநாள் உதவுகிறது. நேற்று நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற உணவகத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார், ரொட்டி அடுப்பின் முன்னால் நின்று நின்று அவருடைய முகம் எப்போதும் சிவந்தே இருக்கும், நேற்று அது வெளிறிக் கிடந்தது. "வலன், நாளைக்கு பார்மசியிலை என்ரை பேரிலை தடுப்பூசிக்கு ரொந்தேவு எடுத்திருக்கிறன், நீ போய்ப் போட்டுட்டு வாறியோ? உனக்கென்ன, ஏற்கெனவே ரெண்டு போட்டனி, ஒண்டும் செய்யேல்லைத்தானே. அவங்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்." தடுப்பூசிப் பத்திரம் இல்லாமல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருவரும் வேலைக்கு வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார், அவர் என்ன செய்வார், அரசாங்கத்தின் சட்டம். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். கண்ணில் நீர் வந்தது, வெங்காயத்தால்தான்.

ஓம் என்று சொல்லாமல் எப்படி இருப்பது... தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நான் இந்தப் பிரெஞ்சு மண்ணில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு பத்திரமும் இல்லை, அண்ணையிடம் பத்து வருட வதிவிட அட்டை இருந்தது, அவர் அதன் பிரதியை என் கையில் தந்து, என்ரை பேரிலை வேலை செய் என்றார். அட்டை கொடுத்தவர்கள் சம்பளத்தில் பங்கு எடுத்த காலம், அவர் ஒன்றும் எடுக்கவில்லை. மூன்று வருடம் ஒரு பெரிய உணவகத்தின் பின்பக்கத்தில் நான் குணரத்தினமாகக் கோப்பை கழுவினேன். முதல் வாரம் சமையல்காரர் குணா, குணா என்று கத்துவார், யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருப்பேன், செவிடன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு அண்ணை எங்கள் அறையில் எனக்குப் பயிற்சி தந்தார், நான் பல் தீட்டும்போது, சோறு போடும்போது, ஜெபம் சொல்லும்போதுகூட, திடீரென்று "குணரத்தினம்!" என்பார், நான் உடனே திரும்பி ஓம் என்பதற்கு "வுய்" சொல்ல வேண்டும். வலன்ரைன் என்று என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பார், அதற்குத் திரும்பினால் அன்று பாத்திரம் கழுவுவது நான். கடைசியில் அவர் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாக வுய் என்போம், வயிறு நோகச் சிரிப்போம். அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கம் எனக்கு இன்றைக்கும் பாடம், ஒன்று, அறுபத்துமூன்று, பூச்சியம் நான்கு, தொண்ணூற்றொன்பது... என்னுடைய இலக்கத்தை இப்போதும் அட்டையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பக்கத்தில் ஆனைஸ் இருக்கிறாள், என் மகள், பதினைந்து வயது, புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, கார் து நோர் நிலையத்தில் சிநேகிதிகளைச் சந்திக்கப் போகிறாளாம். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிகின்றன, அந்த இரண்டும் கோபமாக இருக்கின்றன. என்ன பிள்ளை என்று கேட்டேன். ரோமன் என்னோடு கதைக்கிறான் இல்லை என்றாள், பிரெஞ்சில். ரோமன் வகுப்புத் தோழன், ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து சுடுகிற அந்தக் கணினி விளையாட்டில் அவன் பல மாதமாக வெள்ளிப் படியிலேயே நின்றான், தங்கப் படிக்கு ஏற ஆசை, என்னுடைய பெயரில் நீ விளையாடித் தா என்று இவளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தான், இவள் மூன்று நாளில் தங்கத்துக்கு ஏற்றிவிட்டாள். இவள் கெட்டிக்காரி, அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியே காட்டுவதில்லை. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ரோமன் தானே விளையாடப் போனான், எதிரே எல்லோரும் தங்கப் படிக்காரர், ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலேயே சாகிறான், கூட விளையாடுகிறவர்கள் திட்டுகிறார்கள், எல்லாம் இவளால்தான் என்கிறான். "நான் உதவிதானே செய்தேன்," என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். நுவாசி-லெ-செக், யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள், கையில் கிருமிநாசினி மணம்... முதல் நிமிடத்திலேயே சாகிறான் என்று அவள் சொன்னது விளையாட்டைப் பற்றி, எனக்குத் தெரியும், ஆனாலும் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது, பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், படியேறினால் இரண்டாம் மாடியில் நின்று சுவரைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவார். ஊசி என் தோளில் ஏறும், பத்திரம் அவருடைய பையில் இருக்கும், வருத்தம் எந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்?

எனக்குக் கொரோனா வந்தது, போன வருடம் நவம்பரில். பத்து நாள் அறைக்குள் தனியாகக் கிடந்தேன், என் மனைவி அற்புதமலர் கதவுக்கு வெளியே இரசத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவாள், பிச்சைக்காரனுக்கு வைப்பதுபோல என்று கத்துவேன், கத்த மூச்சு வராது. நாலாம் நாள் ஆனைஸ் தன்னுடைய பழைய கணினியையும் விளையாடுகிற ஒரு விசைப்பிடியையும் காதில் மாட்டுகிறதையும் வைத்துவிட்டுப் போனாள், சுவருக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் நான், கட்டை அடுக்கி வீடு கட்டுகிற ஒரு விளையாட்டு. நான் எப்போதும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பேன். "அப்பா, சுவரை விட்டுட்டு வாங்கோ," என்பாள் காதுக்குள், அவளுடைய தமிழை நான் அவ்வளவு நிறையக் கேட்டது அந்தப் பத்து நாளில்தான். அவளுக்குப் பயம், அதனால் தமிழில் கதைத்தாள், அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூச்சு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்துகொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பது... அதனால்தான் ஊசி வந்ததும் ஓடிப்போய்ப் போட்டேன், அண்ணை சிரித்தார், சந்தையில் மீன் வந்ததுபோல ஓடுகிறாய் என்றார்.

பந்தன் நிலையம் கடந்தபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அற்புதமலருக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் உனக்கு ரெண்டு, அண்ணைக்கு ரெண்டு, ஒரே உடம்பில் நாலு ஊசியா என்று வீட்டைத் தலைகீழாக்குவாள், பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னேன். அண்ணையின் பெயரில் நான் போடப் போகிறேன் என்று. பொலிஸ், சட்டம், வெட்கம் என்று ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் காதில் மாட்டியிருந்ததில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, "அவருக்கு என்ன பயம்?" என்று தமிழில் கேட்டாள். பயமொன்றும் இல்லை, வேலை பறிபோகுதல்லோ என்றேன். அது இல்லை அப்பா, ஊசியில் என்ன பயம் என்றாள். எனக்குச் சினம் வந்தது, பெரியவர்களின் விஷயம் என்றேன், அவள் கழற்றியதைத் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டாள். மஜந்தா நிலையத்தில் அந்த நீளமான நகரும் படிகளில் எனக்கு முன்னால் நின்றாள், மேலே வந்ததும் கையை மட்டும் காட்டிவிட்டுக் கார் து நோர் பக்கம் போய்விட்டாள். ஏன் எனக்குச் சினம் வந்தது?

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவில் ஏறி நடந்தேன், மரக்கறிக் கடைக்கு வெளியே முருங்கைக்காய் கட்டுக் கட்டாக, கண்ணாடிக்குள் சேலை கட்டிய பொம்மைகள், அவற்றுக்கும் யாரோ முகக்கவசம் மாட்டியிருக்கிறார்கள். பார்மசிக்கு எதிரே தேநீர்க்கடை வாசலில் அண்ணை நின்றார், கையில் கடதாசிக் கோப்பை. வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன், இரண்டு குணரத்தினம் ஒரே தெருவில் எதற்கு... என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார், பிறகு பக்கத்து மின்கம்பத்தை வாசிக்கத் தொடங்கினார். நானும் தெரியாதவன்போல உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணின் மார்பில் மரி-கிளேர் என்று எழுதியிருந்தது, அட்டையை வாங்கி இயந்திரத்தில் செருகினாள், மெஸ்யூ குணரத்தினம் என்றாள், என் வாய் யோசிக்கவே இல்லை, வுய் என்றது, இருபது வருடத் துரு ஒன்றும் இல்லை அதில். முகக்கவசத்தோடு எல்லோரும் எல்லோருமாக இருக்கலாம், அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டு இருங்கள், கூப்பிடுகிறேன் என்று ஒரு பேனையும் தந்தாள்.

ஜன்னலோரக் கதிரையில் இருந்து எழுதினேன். பெயர், பிறந்த திகதி, விலாசம், மளமளவென்று ஓடியது, சோதனையில் எனக்கு இப்படி ஒருநாளும் ஓடியதில்லை. ஒன்று, காய்ச்சல் இருக்கிறதா, இல்லை. இரண்டு, கொரோனா வந்ததா, அவருக்கு இல்லை, எனக்குத்தான், இல்லை என்று போட்டேன். மூன்று, நாட்பட்ட வருத்தம், சீனி, காலையும் இரவும் வெள்ளைக் குளிசை, பெயர்கூடத் தெரியும், நான்தான் பல தடவை வாங்கிக் கொடுத்தேன். நாலு, இரத்தம் இளக மருந்து எடுக்கிறீர்களா, இல்லை. ஐந்து, கர்ப்பமாக இருக்கிறீர்களா, அண்ணையின் வயிற்றை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது, இல்லை. ஆறு, இதற்கு முன் எப்போதாவது ஊசி போட்டுக் கடுமையாக ஏதும் நடந்ததா? பேனை நின்றுவிட்டது. இல்லை என்று போட்டால் முடிந்தது, என்னுடைய உடம்புக்குத்தானே போடப்போகிறார்கள், என்னுடைய உடம்புக்கு ஒன்றும் நடந்ததில்லை, ஆனால் படிவம் கேட்பது அவரை. ஓமா, இல்லையா? அவருடைய பிறந்த திகதி தெரியும், இலக்கத்திலுள்ள தொண்ணூற்றொன்பது தெரியும், குறட்டை தெரியும், இது தெரியாது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அண்ணை கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், சட்டைக்கு மேலால், மெல்ல, அங்கே ஏற்கெனவே நோகிறதுபோல. நேற்றிலிருந்து பாவமா புண்ணியமா என்று பார்த்தேன், நன்றி என்று பார்த்தேன், பிடிபட்டால் என்ன என்று பார்த்தேன், நாலு ஊசியை உடம்பு தாங்குமா என்றும் பார்த்தேன்... ஏன் அண்ணை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை ரயிலில் ஒரு நிமிடத்தில் கேட்டதை நான் இருபத்திரண்டு வருடமாகக் கேட்கவில்லை. அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன், அவருடைய பெயரை உடுத்தித் திரிந்தவன் அல்லவா நான்.

எழுந்து வெளியே போனேன், தெருவைக் கடந்தேன், ஒரு பஸ் மணியடித்தது. அண்ணை திடுக்கிட்டார். "அதுக்குள்ளை போட்டாச்சோ?" இல்லை என்று படிவத்தை நீட்டினேன். "அண்ணை, இதிலை ஆறாவது கேள்வி எனக்குத் தெரியேல்லை. முந்தி ஊசி போட்டு ஏதும் நடந்ததோ எண்டு கேக்கினம்." "இல்லை எண்டு போடன்ரா." "இப்ப அவையள் கேக்கேல்லை அண்ணை, நான் கேக்கிறன். ஏதும் நடந்ததோ?" அவர் என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைத் தேநீர்க்கடை ஜன்னல் விளிம்பில் வைத்தார், அது சரியாக நிற்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். தோளில் இருந்த கையை எடுக்கவில்லை. "எனக்கில்லை," என்றார்.

எனக்கில்லை. அப்படியானால் யாருக்கு... அண்ணையின் வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்தபடி இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போது அவசரப்படக்கூடாது, அவர் சொல்லும்வரைக்கும் நின்றால் போதும். அப்போது பார்மசிக் கதவு திறந்தது, மரி-கிளேர் வெளியே தலையை நீட்டி, தெருவின் இரண்டு பக்கமும் தேடி, "மெஸ்யூ குணரத்தினம்?" என்று கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேருமே திரும்பினோம். நான்தான் முதலில் திரும்பினேன் என்று நினைக்கிறேன்.