நான்காவது பிளக்

வலது கையை முழங்கை வரை எஞ்சினுக்குள் விட்டு, கன்னத்தைத் தகரத்தில் அழுத்திக்கொண்டு, டிரைவரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து வைத்திருந்தாலும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அந்த மினி லாரிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தால் மூன்று ஸ்பார்க் பிளக்குகள் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நிற்கும். காலையில் ஸ்பேனரைக் காட்டியதுமே அவை மூன்றும் கழன்று வந்துவிட்டன. நான்காவது மட்டும் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்கும் தகரச் சுவருக்கும் நடுவில், பந்தியில் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வண்டியைச் செய்தவன் ஒன்று கையே இல்லாதவனாக இருக்க வேண்டும், இல்லை, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்தவனாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டிரைவரம்மா என்ற பெயர் அவளுக்கு வண்டி ஓட்டியதால் வந்ததல்ல. டிரைவரின் மனைவி என்பதால் தெருவே அப்படிக் கூப்பிட்டது. அப்போது அவளுக்கு ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டும்தான் தெரியும். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தட்டு நழுவியது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது, வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்காமல் போயின. கால் ஓரளவு திரும்பி வந்தது. கை வரவில்லை. பேச்சுதான் இருப்பதிலேயே கொடுமை. ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அள்ளிப் போட்டதுபோல, சொற்களெல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் தேடும்போது கைக்கு வேறு ஏதோதான் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் செருப்பு என்பார். ஆமாம் என்பதற்கு இல்லை என்பார். இன்று காலையில்கூடக் குளியலறைக் கதவை உள்ளிருந்து தட்டி, "உள்ள வரேன், உள்ள வரேன்" என்று கத்தினார். தாழ்ப்பாளைத் திறந்து வெளியே விடச் சொல்கிறார் என்று புரிய இவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தப்பாகச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியும். தெரிந்து அவர் முகம் சுருங்குவதைத்தான் இவளால் பார்க்க முடியவில்லை.

அவர் படுத்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். குடிதண்ணீர் கேன்களைக் கம்பெனியில் ஏற்றி, கடை கடையாக, வீடு வீடாக இறக்குவது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த அதே லைன். பொம்பளை எத்தனை நாளைக்கு ஓட்டுவாள் என்று கம்பெனி வாசலில் பேசிக்கொண்டவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது வண்டியே அவர்களுக்கு வாயைத் திறந்து கொடுத்துவிட்டது. கொஞ்ச நாளாக அது மூன்று காலில் நொண்டியது. மேட்டில் ஏறும்போது இருமி, நடுத்தெருவில் நின்று, பின்னால் வந்த வண்டிக்காரர்களிடமெல்லாம் இவளைத் திட்டு வாங்க வைத்தது. இரண்டு நாள் லோடு போகவில்லை. நேற்று முதலாளி போனில் நிதானமாகத்தான் பேசினார், அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "இங்க பாரும்மா, ஜனங்க தண்ணி இல்லாம எனக்கு போன் பண்றாங்க. நாளன்னிக்குக் காலையில வண்டி கம்பெனி கேட்டுல நிக்கணும். நிக்கலன்னா லைனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வந்து அழக் கூடாது." நாளன்னிக்கு என்பது நாளைக்கு ஆகிவிட்டது. மெக்கானிக் யாரோ சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு ஊருக்குப் போய்விட்டான். பிளக்கை மாற்றினால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஏண்டி, இன்னும் அதுக்குள்ளயேவா இருக்க? கை அங்கயே தனிக்குடித்தனம் போயிடுச்சா?" நாத்தனார் வாசற்படியில் நின்று கேட்டாள். அவருக்கு மூத்தவள். தம்பிக்கு முடியாமல் போனதும் ஒரு பையோடு வந்தவள், பையைப் பிரிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"வாய் பேசாம வந்து இந்தக் குழாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்கக்கா."

"நான் தொட்டா அது வெடிக்கும். என் ராசி அப்படி."

சொன்னாளே தவிர, வந்து பிடித்தாள். அவர் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். டிரைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை நெட்டினாள். கிரீச் என்று ஒரு சத்தம். பிளக்கே உடைந்துவிட்டதோ என்று விரலால் தடவிப் பார்த்தாள். உடையவில்லை. திருகிக் கழற்றி எடுத்தபோது அது கரி அப்பிக் கறுத்திருந்தது. மூன்று பேரும் அதைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்கூடச் சிரித்தார், ஒரு பக்க வாயால்.

புதுப் பிளக்கைக் கண் தெரியாத ஓட்டையில் மாட்டுவதற்கு அவர் வைத்திருந்த வழி ஒன்று உண்டு. பிளக்கின் தலையை ஒரு ரப்பர் டியூபுக்குள் செருகி, டியூபைப் பிடித்தபடி இறக்க வேண்டும். முதலில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருப்ப வேண்டும். மரை மரையோடு உட்கார்ந்ததும் விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் சரியான பக்கம் திருப்ப வேண்டும். ஸ்பேனரால் எடுத்த எடுப்பில் முறுக்கினால் மரை போய்விடும். இதை அவர் செய்து நூறு தடவை பார்த்திருக்கிறாள். அப்படியே செய்தாள். ஆனால் பிளக்கின் தலையில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு குமிழ்த் திருகு இருக்கும், அதை முதலில் இறுக்கிவிட்டுத்தான் அவர் டியூபில் செருகுவார் என்பதை அவள் பார்த்ததே இல்லை. அதை அவர் வீட்டுக்குள்ளேயே, பிளக்கை டப்பாவிலிருந்து எடுக்கும்போதே செய்துவிடுவார். இவள் எதிர்ப்பக்கமாகத் திருப்பத் திருப்ப, இறுக்காத அந்தக் குமிழும் சேர்ந்து கழன்றுகொண்டே வந்தது. மரை உட்காரவில்லையே என்று டியூபை மேலே இழுத்தாள். பிளக் நழுவியது. சட்டென்று பிடித்துவிட்டாள். அப்பாடா என்று உள்ளங்கையைத் திறந்தால் பிளக்குக்குத் தலை இல்லை, குமிழ் டியூபிலும் இல்லை.

டிங் என்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

ஓட்டை திறந்துதான் கிடந்தது. அதற்கு விரற்கடை தள்ளி, எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவில் தரை வரை போகிற சந்து. குமிழ் சந்தில் விழுந்திருந்தால் போனால் போகட்டும், கழற்றிய பழைய பிளக்கிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஓட்டையில் விழுந்திருந்தால்?

"என்னங்க, நீங்கதானே லைட் அடிச்சீங்க. பாத்தீங்களா? எங்க விழுந்துச்சு?"

அவர் பார்த்திருந்தார். முகத்திலேயே தெரிந்தது. "உள்ள" என்றார்.

அவள் ஓட்டையின் பக்கம் திரும்பினாள். ஆனால் அவர் உடனே தலையை வேகமாக ஆட்டினார். "உள்ள... இல்ல. வெளிய... ச்சே. உள்ள."

"ஓட்டைக்குள்ளயா, பக்கத்துலயா? கையால காட்டுங்க."

காட்டினார். ஒரு விரற்கடை வித்தியாசத்தை, இடது கையால், நாற்காலியிலிருந்து எப்படிக் காட்டுவது? விரல் எஞ்சினைத்தான் காட்டியது. எஞ்சின் அங்கே இருக்கிறது என்பது இவளுக்கும் தெரியும்.

வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத் தேடினாள். எண்ணெயும் சரளையும் கலந்த மண்ணை நாத்தனார் அரிசி புடைக்கும் முறத்தில் அள்ளிப் போட்டுப் புடைத்தாள். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, நூலில் கட்டிச் சந்தில் இறக்கினார்கள். ஒரு துருப்பிடித்த வாஷர் வந்தது, ஒரு ஹேர்பின் வந்தது. "இது யாரோடது?" என்று நாத்தனார் ஹேர்பின்னைத் தூக்கிப் பிடித்துத் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. குமிழ் பித்தளை நிறத்தில் இருந்தது என்பது டிரைவரம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பித்தளையைக் காந்தம் சீண்டாது.

மெக்கானிக்குக்கு போன் போட்டாள். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. "ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்கக்கா" என்றான் அடிக்குரலில். "உள்ள இருந்தா பிஸ்டன் மேல வந்து ஒரே அடி. எஞ்சின் காலி. நான் வந்து மேல் பாகத்தைப் பிரிச்சுப் பாத்துடறேன்."

"எப்ப வருவ?"

"காரியமெல்லாம் முடியணுமேக்கா."

வெயில் சுவரில் ஏறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. டிரைவரம்மா வண்டிக்கதவைப் பிடித்தபடி நின்றாள். மண்ணும் எண்ணெயும் அப்பிய கையை எங்கே துடைப்பதென்றுகூடத் தெரியவில்லை. இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒருமாதிரி சமாளித்துவிட்டாள். அவரைக் குளிப்பாட்டினாள், கேனைத் தோளில் தூக்கினாள், கிளட்ச்சில் கால் வைக்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில் ஒரு கடலைப் பருப்பு. லைன் போனால் வண்டி எதற்கு, வண்டி போனால் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? மாலையானால் வண்டி வந்து நிற்கும். அவர் வந்து டயரை இடது காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். அவருக்கென்று மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். திடீரென்று அவர்மேலேயே கோபம் பொங்கியது. பார்த்த மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மனுஷன். ஒரே ஒரு வார்த்தை சரியாகச் சொல்ல முடியவில்லை.

"சரி, போங்க. மூணையும் மாட்டி, தலையில்லாத இந்தச் சனியனையும் மாட்டி, ஒரு தட்டுத் தட்டிப் பாத்துடறேன். உடைஞ்சா உடையட்டும். ஒரேயடியா எல்லாம் ஒழியட்டும்."

"ஏய், பைத்தியமாடி உனக்கு?" என்றாள் நாத்தனார்.

அவள் பிளக்கை மாட்டக்கூடக் காத்திருக்கவில்லை. கை தானாகச் சாவிக்குப் போய்விட்டது. அந்த நொடியில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரும் பிடிக்காமல் எழுந்தார். நாற்காலி பின்னால் கவிழ்ந்தது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"போடு!" என்று கத்தினார். "போடு, போடு!"

வாய் போடு என்றது. கை அவள் எலும்பு நோகும்படி சாவியிலிருந்து இழுத்தது. அவள் அவரைப் பார்த்தாள். வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நோய் வந்ததிலிருந்து அந்த வாயையே பார்த்துப் பார்த்து, அதில் என்ன வருகிறதென்று காது கொடுத்துக் கொடுத்து, கை ஒன்று சும்மா கிடந்து பேசிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமலேயே இருந்துவிட்டாளோ என்று தோன்றியது. சாவியை விட்டாள்.

"சரிங்க. போடல. சொல்லாதீங்க. செய்ங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்து, காலை இழுத்துக்கொண்டு போய், வாசல் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துவந்தார்.

"தம்பி, அது எனக்கா, அவளுக்கா?" என்று நாத்தனார் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அவர் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கி, கெட்டியான குச்சிகளாக இரண்டு உருவினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பி ஒரே அளவாக்கினார். ஒன்றை முதல் ஓட்டையில் இறக்கினார். மற்றதை அவளிடம் கொடுத்து நான்காவதைக் காட்டினார். அவள் கையை விட்டுத் தடவி இறக்கினாள். குச்சி உள்ளே எதிலோ போய் மெத்தென்று உட்கார்ந்தது. அவர் கியர்த் தண்டைத் தட்டினார், பிறகு வண்டியின் பின்பக்கத்தைக் காட்டித் தோளை முன்னால் தள்ளினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ராத்திரியெல்லாம் எஞ்சினைப் பற்றியே பேசி இவளைத் தூங்கவைப்பார். நாலு பிஸ்டன்ல மொத ஆளும் கடைசி ஆளும் ஜோடி, சேந்தே ஏறுவாங்க, சேந்தே இறங்குவாங்க, நடுவுல இருக்கற ரெண்டு பேரும் எதிர்க்கட்சி என்பார். பிளக்கெல்லாம் வெளியே இருக்கிறது, கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பிஸ்டன் ஏறும், குச்சியும் ஏறும். இரண்டும் சரிசமமாக உச்சிக்குப் போனால் உள்ளே ஒன்றுமில்லை. கடைசிக் குச்சி மட்டும் குமிழ்மேல் உட்கார்ந்து உயரமாக நின்றால், இல்லை, ஏதாவது நறுக்கென்று கடித்தால்...

அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. டாப் கியரில் போட்டாள். பிரேக்கை எடுத்துவிட்டாள்.

"அக்கா, பின்னாடி போய்த் தள்ளுங்க. இஞ்ச் இஞ்சா. நான் நில்லுன்னா நிக்கணும்."

"எருமையைத் தள்ளச் சொல்ற, அதுவும் இஞ்ச் இஞ்சா" என்று முனகிக்கொண்டே நாத்தனார் போனாள். அவரும் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். வேண்டாம் உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்த டிரைவரம்மா சொல்லாமல் விட்டுவிட்டாள். பின்பக்கத் தகரத்தில் இடது தோள் வந்து முட்டும் சத்தம் கேட்டது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தாள். வண்டி முனகியது. டயருக்கடியில் ஒரு கல் நொறுங்கியது. குச்சிகள் முதலில் அசையவே இல்லை. பிறகு, தூங்கும் குழந்தையின் வயிறு எழும்புவதுபோல, இரண்டும் மெல்ல மேலே வர ஆரம்பித்தன. முன்னது நேராக நின்றது. பின்னது குழாயில் சாய்ந்தபடி, தலையை மட்டும் காட்டிக்கொண்டு, கூடவே வந்தது. கண்ணால் அளந்தாள். சமம். இன்னும் சமம். உமிழ்நீர் டார்ச்சில் வழிந்து தாடையில் இறங்கியதைத் துடைக்கவும் பயமாக இருந்தது.

"என்னடி ஆச்சு? நிக்கணுமா?" பின்னாலிருந்து நாத்தனாரின் மூச்சிரைப்பு.

குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் தள்ளச் சொல்லித் தகரத்தைத் தட்டினாள். உச்சிக்கு இன்னும் ஒரு விரல் அளவு இருக்கும். தகரத்தில் அந்தத் தோள் மறுபடி அழுந்தியது. அவர் அடித்தொண்டையில் ஏதோ சொன்னார், எந்தச் சொல் என்று அவள் காதில் வாங்கவில்லை. பின்னால் இருந்த குச்சியின் நுனி லேசாக நடுங்கியது. அது அவள் மூச்சுக் காற்றாகவும் இருக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குச்சிகளும், ஒரு மயிரிழை முன்பின்னாக, மேலே வந்துகொண்டிருந்தன.